குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, பைப்பில் எர்த் கட்டலாமா?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எங்கள் வீடு, அப்பா 1986-இல் கட்டியது. கீழ்த்தளம் முழுக்கச் சுவருக்குள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்தான். சென்ற மாதம் காம்பவுண்டு சுவரிலிருந்து சமையலறைச் சுவர் வரைக்கும் மண்ணுக்குள் போகிற பைப் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததால் பிளம்பரைக் கூப்பிட்டோம், அவர் அந்தப் பன்னிரண்டு அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு யூ.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுக் கொடுத்தார். வேலை சுத்தமாகத்தான் செய்தார், ஒழுகல் நின்றுவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து அம்மா பாத்திரம் தேய்க்கும்போது குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றார்கள். அம்மாவுக்குக் கை மரத்துப் போகிற தொந்தரவு ஏற்கெனவே உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை நானே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டுப் பார்த்தேன், உண்மைதான், மணிக்கட்டு வரை நமநமவென்று ஏறுகிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றும் இல்லை. டெஸ்டரைக் குழாயில் வைத்தால் எரிகிறது. வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அணைந்துவிடுகிறது.

எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஹாலில் உள்ள பிளக்கில் பேஸுக்கும் (கரண்ட் வருகிற கம்பி) எர்த்துக்கும் நடுவில் பல்பு போட்டுப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. 'எர்த் அருமையாக இருக்கிறது, மெஷின்தான் கோளாறு, பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிட்டால் சரியாகிவிடும்' என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் போனிலேயே கேட்டுவிட்டுக் குழாயை நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) லூப் அடித்து, அதாவது வயரால் சேர்த்துவிடச் சொன்னார். மச்சான் ஒரு அமெரிக்க வீடியோ அனுப்பியிருக்கிறார், அதில் தண்ணீர் பைப்பில் கிளாம்ப் போட்டு எர்த் வயரைக் கட்டுகிறார்கள், அங்கே அதுதான் சட்டமாம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், எதைச் செய்வது என்று தெரியவில்லை. அம்மா அடுப்படியில்தான் பாதி நாள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு வீடு:

தம்பி, முதலில் வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். குளியலறையில் ஹீட்டர் இருந்தால் அதன் மெயினையும் இறக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாண்டிச்சேரியில் எங்கள் பழைய வீட்டில் இதேபோல்தான் லேசாக ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர், ஹீட்டர் காயிலில் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு படிந்து, காயில் வெடித்து, உள்ளே கரண்ட் தண்ணீரைத் தொட்டுவிட்டது. ஹீட்டரின் எர்த் எங்கேயோ விட்டுப் போயிருந்ததால் அது டிரிப் ஆகவே இல்லை. என் மகள் கொல்லைப்புறக் குழாயைப் பிடித்துக்கொண்டு கையை எடுக்க முடியாமல் நின்றாள். என் மாமியார் ஓடிப்போய் மெயினை இறக்கியதால் பிள்ளை பிழைத்தாள். குளியலறை ஹீட்டருக்குக் கொல்லைக் குழாயில் ஷாக் அடிக்கும் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன், லேசான ஷாக்தானே என்று விடாதீர்கள்.

பழைய வயர்மேன்:

கடலூரிலும் பாண்டியிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவன். தம்பி எழுதியதைப் படித்ததுமே ஒரு சந்தேகம் வந்தது. பல்பு போட்டுப் பார்த்தது ஹால் பிளக்கில், ஷாக் அடிப்பது சமையலறையில். அந்த இரண்டு பிளக்குக்கும் எர்த் ஒரே இடத்திலிருந்து வருகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் வீடு கட்டும்போது லைட், ஃபேன், ஹாலில் ஒரு பிளக், இவ்வளவுதான் வயரிங். மிக்சி, ஃபிரிட்ஜ், ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்தவை. ஒவ்வொரு தடவையும் மீட்டர் போர்டிலிருந்து புது எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பக்கத்தில் ஓடுகிற ஜி.ஐ. பைப்பில் பச்சை எர்த் வயரைச் சுற்றிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். பைப் தெரு வரைக்கும் மண்ணுக்குள் இரும்பாகவே போனதால் அது அன்றைக்கு வேலையும் செய்தது. உங்கள் பிளம்பர் அந்த இரும்பை நடுவில் வெட்டிப் பிளாஸ்டிக் போட்டதும் வீட்டுக்குள் இருக்கிற பைப்புக்கும் மண்ணுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. பிளம்பர் மேல் தப்பு இல்லை, அது எர்த்தாகப் பயன்படுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் பச்சை வயர் இன்னும் பைப்பில்தான் இருக்கிறது. இப்போது மெஷினின் பாடியும் வீட்டில் உள்ள எல்லாக் குழாயும் ஒரே இரும்பு, நடுவில் உங்கள் அம்மாதான் மண்ணுக்குப் போகிற வழி.

சமையலறைப் பிளக்கில் பல்பு போட்டுச் சோதித்துவிடாதீர்கள். எர்த் அறுந்த பைப்பில் பேஸைப் பல்பு வழியாகக் கொடுத்தால் வீட்டுக் குழாய் எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும், அந்த நேரத்தில் யாராவது கை கழுவினால் போச்சு. மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிளக் போர்டைக் கழற்றிப் பச்சை வயர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் எர்த் ஓட்டைக்கும் குழாய்க்கும் பீப் சத்தம் வருகிறதா, ஹால் எர்த்துக்கும் குழாய்க்கும் வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

எர்த் வயரை வெட்டு என்று சொன்னவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். வெட்டினால் குழாயில் ஷாக் நின்றுவிடும், மெஷின் பாடியில் அது அப்படியே இருக்கும்.

நியூட்ரல் லூப் அதைவிட மோசம். தெருவில் நியூட்ரல் கம்பி ஒருநாள் அறுந்தால், இந்தக் கடற்காற்றில் அது அறுகிற கம்பிதான், பக்கத்து வீடுகளில் ஓடுகிற கரண்ட் எல்லாம் திரும்பிப் போக வழி தேடி உங்கள் குழாய்க்கு வரும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில்கூட வரும்.

கெடிலக்கரை:

அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. சமையலறைப் போர்டைக் கழற்றினேன், பச்சை வயர் சுவர் ஓரமாக இறங்கி சிங்குக்குக் கீழே பைப்பில் நாலு சுற்று சுற்றி முறுக்கியிருக்கிறது, மேலே பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள். குளியலறை ஹீட்டருக்கும் அதேதான். ஹால் எர்த்துக்கும் குழாய்க்கும் பீப் வரவே இல்லை. ஹீட்டரும் மெஷினும் இப்போது அணைத்துத்தான் இருக்கின்றன.

பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் குழாய்க்கும் ஹால் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன், 112 வோல்ட் காட்டியது. 230-ம் இல்லை, பூஜ்யமும் இல்லை, அது என்ன கணக்கு? மெஷின் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.

மெக்கர்:

112 என்பது சரியான தடயம். இப்போதைய வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் மாதிரியானவற்றின் உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கும். பேஸிலிருந்து பாடிக்கு ஒரு சின்னக் கெபாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று. எர்த் இல்லாமல் விட்டால் பாடி இரண்டுக்கும் நடுவில் நிற்கும், 230-இல் பாதி, அதாவது 115 சொச்சம். அதன் வழியாக வருகிற கரண்ட் ஒரு மில்லியாம்புக்கு முன்பின்தான், நமநமக்கும், ஆளைக் கொல்லாது. ஆக மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. எர்த் அறுந்ததை மெஷின் உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. இதே நிலையில் ஹீட்டர் காயில் வெடித்திருந்தால் குழாயில் முழு 230 நின்றிருக்கும். ஈரமான உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால் 230 மில்லியாம்ப், அது இதயத்தை நிறுத்தும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், வயர்மேன் சார் கோபிக்கக் கூடாது, நம் ஊரில் எல்லோரும் செய்கிற பல்பு டெஸ்ட்டை நான் நம்புவதில்லை. 100 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 530 ஓம். உங்கள் எர்த் குழி (எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடம்) 40 ஓம் என்று வையுங்கள், மோசமான எர்த் அது, ஆனாலும் பல்புக்கு 214 வோல்ட் கிடைத்துவிடும், பார்க்கிற கண்ணுக்குப் பளிச்சென்றுதான் தெரியும். அதே 40 ஓம் எர்த்தில் ஹீட்டர் பேஸ் பாடியைத் தொட்டால் ஓடுகிற கரண்ட் ஆறு ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் விழுகிற சுவிட்ச்) அதை ஒரு சாதாரண லோடு என்று நினைத்து நாள் முழுக்க விட்டுவைக்கும். மீட்டரில் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும், பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நின்றுகொண்டிருக்கும். நல்ல குழி போட்டு 10 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 23 ஆம்ப்தான், 16 ஆம்ப் எம்.சி.பி. உடனே விழாது.

அதனால் குழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம் வீடுகளுக்கு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாமல் முடியாது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும், 30 மில்லியாம்ப் வழியில் எங்காவது கசிந்தால் கண் சிமிட்டுவதற்குள் கட் செய்யும். எர்த் 100 ஓம் இருந்தால்கூட அதற்குப் போதும். ஆனால் எர்த்தே இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால் மனிதன் தொட்ட பிறகுதான் விழும், எர்த் இருந்தால் கோளாறு வந்த நொடியே விழும். இரண்டும் வேண்டும்.

மச்சான் அனுப்பிய வீடியோவில் தப்பு இல்லை. அமெரிக்காவில் மண்ணுக்குள் பத்து அடிக்குக் குறையாமல் போகிற உலோகத் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதை எர்த் எலக்ட்ரோடாக (மண்ணோடு தொடர்பு கொடுக்கிற உலோகம்) சேர்த்தே ஆக வேண்டும், அதுவும் பைப் வீட்டுக்குள் நுழைந்த முதல் ஐந்து அடிக்குள் கட்ட வேண்டும். ஆனால் பைப்பை மட்டும் நம்பக் கூடாது, கூடவே இன்னொரு எலக்ட்ரோடும் வேண்டும் என்று அவர்களே வைத்திருக்கிறார்கள், காரணம் என்றாவது ஒரு பிளம்பர் வந்து பிளாஸ்டிக் போட்டுவிடுவார் என்பதுதான். அப்புறம் அங்கே சர்வீஸ் போர்டிலேயே நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கும், கோளாறு கரண்ட் கம்பி வழியாகவே திரும்பிவிடும், பிரேக்கர் உடனே விழும். நம் ஊர்ப் பக்க வீடுகளில் பெரும்பாலும் திரும்பும் வழி மண்தான். அங்கே செய்கிறார்கள் என்று இங்கே லூப் அடிக்கக் கூடாது.

அரியாங்குப்பம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு தொல்லைக்கு எல்லா ஜி.ஐ. பைப்பையும் எடுத்துவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுவிடலாமே? நான் போன வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஹீட்டர் ஓடும்போது ஷவரில் எப்போதாவது லேசாகச் சுருக்கென்கிறது, பிளாஸ்டிக்கில் எப்படிக் கரண்ட் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மெக்கர்:

பைப் பிளாஸ்டிக், உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர். அரை அங்குலப் பைப்பில் ஒரு மீட்டர் நீளத் தண்ணீருக்கு, நம் போர் தண்ணீர் உப்பைப் பொறுத்து, சில பத்தாயிரம் ஓம் தடைதான் இருக்கும். 230 வோல்ட் அதன் வழியாக வந்தால் சில மில்லியாம்ப். இரும்புப் பைப் மாதிரி ஆளைப் பிடித்துக்கொள்ளாது என்பது உண்மை, அந்த அளவுக்குப் பிளாஸ்டிக் நல்லதுதான். ஆனால் உங்களுக்கு ஷவரில் சுருக்கென்கிறது என்றால் ஹீட்டர் காயில் கசிகிறது, எர்த்தும் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் இல்லை அல்லது வேலை செய்யவில்லை. இன்றைக்கே ஹீட்டரை அணையுங்கள், உங்கள் நிலைமை கேள்வி கேட்டவருடையதைவிட அவசரம்.

பழைய வயர்மேன்:

கோபம் எதற்குத் தம்பி, பல்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எர்த் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பல்பு சொல்லும், எவ்வளவு நல்ல எர்த் என்று சொல்லாது. எர்த் டெஸ்டர் வைத்து அளப்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கெடிலக்கரைத் தம்பிக்கு வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், வரிசை மாறினால் ஆபத்து. நிறையப் பேர் முதலில் குழாயை எர்த்தோடு கட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். எர்த் மோசமாக இருந்து ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் குழாயை அதோடு கட்டினால், எந்த மூலையில் எந்த சாமான் கெட்டாலும் அந்தக் கரண்ட் குழாய்க்கு வரும், அதுவரை பாதுகாப்பாக இருந்த குழாயையும் நீங்களே கெடுத்ததாக ஆகும். அதனால் முதலில் ஆர்.சி.சி.பி., கூடவே குழி. பிறகு பைப்பில் சுற்றிய பச்சை வயர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு பிளக்குக்கும் போர்டிலிருந்தே முறையான எர்த் வயர் இழுக்க வேண்டும். பைப்பைக் கட்டுவது கடைசி வேலை.

குழியைப் பற்றிச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு இரண்டு மாதம் நாங்கள் கடலூர் முழுக்க வீடு வீடாக வேலை பார்த்தோம், அப்போது எத்தனையோ எர்த் குழிகளைத் தோண்ட வேண்டி வந்தது. மேலே பார்த்தால் எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி கம்பீரமாக மண்ணுக்குள் இறங்கும், ஒரு அடி தோண்டினால் கம்பி இல்லை, துரு மட்டும் கோடாக இருக்கும். கையால் இழுத்தால் மேல் துண்டு தனியாக வந்துவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் இப்படி வராத வீடே குறைவு. உப்பு மண், அதில் நாமே மூட்டை மூட்டையாக உப்பும் கரியும் வேறு கொட்டுகிறோம், ஜி.ஐ. எத்தனை வருடம் தாங்கும்? தாமிரம் பூசிய ராடு மூன்று மீட்டர் இறக்கி பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கிற களிமண்) போடுங்கள், காசு கூடுதல்தான், ஆனால் நம் கரைக்கு அதுதான் நிற்கும். மணல் மேலே காய்ந்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாது, ராடு ஈர மண்ணைத் தொட வேண்டும், நம் ஊரில் கொஞ்சம் ஆழத்திலேயே ஈரம் கிடைத்துவிடும்.

பைப் கட்டுவதற்கு 6 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், போர்டின் எர்த் பாரிலிருந்து (எர்த் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) நேராக, நடுவில் ஒட்டு இல்லாமல். இரும்பாகவே தொடர்ந்து ஓடுகிற பைப் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே, பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, பைப் கிளாம்ப் போட்டு லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்க வேண்டும், சுற்றி முறுக்கும் வேலை ஆகாது. தாமிரத்தை ஜி.ஐ. மேல் வெறுமனே வைத்தால் ஈரத்தில் ஜி.ஐ. அரித்துப் போகும், வெள்ளீயம் பூசிய லக் வாங்குங்கள். கிளாம்ப் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், டைல்ஸுக்குள் புதைத்துவிடாதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம், இந்த வயர் போட்ட பிறகும் பைப் உங்கள் எர்த் ஆகாது. வீட்டுக்குள் கையில் படுகிற இரும்புகளுக்கு நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வராமல் இருக்க எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பைப்பின் முனையில் தனியாக இருக்கிற ஒற்றைக் குழாய்க்கு வயர் வேண்டாம், சும்மா இருக்கிற இரும்புக்கு நாமாக எதையும் கொண்டுபோகக் கூடாது.

நெல்லித்தோப்பு வீடு:

அண்ணா, எங்கள் வீட்டில் மாடி மட்டும் பிளாஸ்டிக், கீழே ஜி.ஐ. கீழ் பைப்பை மட்டும் கட்டினால் போதுமா?

பழைய வயர்மேன்:

போதும் அம்மா. ஜி.ஐ. இரண்டு துண்டாகப் பிரிந்து நடுவில் பிளாஸ்டிக் வந்தால் மட்டும் இரண்டு துண்டையும் வயரால் சேர்க்க வேண்டும்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது. உரிமம் உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்தேன், எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளந்தார். பழைய குழி 58 ஓம், கம்பியை இழுத்ததும் அண்ணா சொன்ன மாதிரியே பாதியில் வந்துவிட்டது. அந்த எர்த்தில்தான் ஹாலில் பல்பு பளிச்சென்று எரிந்தது. புது ராடு இறக்கிய பிறகு 7 ஓம்.

ஆர்.சி.சி.பி. போட்ட அன்று இரவு ஐந்து தடவை விழுந்தது. அம்மாவுக்கு அதன் மேல் வெறுப்பே வந்துவிட்டது, எடுத்துவிடலாம் என்றார்கள். மறுநாள் அவர் வந்து பார்த்ததில் மாடி லைட்டுக்குப் போகிற நியூட்ரல் இன்வெர்ட்டர் நியூட்ரலோடு கலந்திருந்தது, அதைப் பிரித்ததும் நின்றது. ஹீட்டரை ஓட விட்டோம், உடனே விழுந்தது, கழற்றிப் பார்த்தால் காயிலில் கீறல். அதாவது மெஷின் நமநமத்துக் காட்டாமல் இருந்திருந்தால் ஹீட்டர்தான் முதலில் சொல்லியிருக்கும். அதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. புதுக் காயில் போட்டாயிற்று. குழாய்க்கும் தரைக்கும் இப்போது மீட்டர் ஒரு வோல்ட்கூடக் காட்டவில்லை. அம்மா இன்னும் செருப்பு போட்டுக்கொண்டுதான் பாத்திரம் தேய்க்கிறார்கள், நானும் கழற்றச் சொல்லவில்லை.

பழைய வயர்மேன்:

நல்லது தம்பி. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள், கடற்கரை ஊரில் உள்ளே ஈரம் ஏறி ஒட்டிக்கொள்வது உண்டு. அழுத்தி விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் ஒரு தடவை எர்த்தை அளந்துவிட்டு எண்ணை இங்கே போடுங்கள், மணலில் கோடைக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம்.

அரியாங்குப்பம்:

என் ஹீட்டரையும் கழற்றினேன். காயில் கீறல்தான். பச்சை வயர் சுவருக்குள் எதிலும் சேராமல் சும்மா மடக்கி வைத்திருக்கிறது. நாளைக்கு ஆள் வருகிறார்.